படத்தில் பார்த்த கட்டாரி

கேள்வி: சிறுவயதில் பார்த்த வாள்சண்டைப் படங்களால் பழைய கட்டாரி (குறுக்குக் கம்பியை முஷ்டியில் பிடித்துக் குத்தும் குத்துவாள்) ஒன்று வாங்க ஆசை. பிடியை அழுத்தினால் கத்தரிபோல விரியும் ரகம் நல்லதா? துருவை எப்படி எடுப்பது?

பதில்: முதலில் விரியாத, ஒற்றை அலகுக் கட்டாரியை வாங்குங்கள். விரியும் ரகம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டது; போருக்கு உதவாது. சண்டைக்கான கட்டாரியில் நுனி நன்றாகத் தடித்திருக்கும், வளையக் கவசத்தைத் துளைப்பதற்காக. நுனிவரை ஒரே தகடாக மெலிந்திருந்தால் அலங்காரப் பொருளாகவே இருக்கும். விரல் பற்றும் இரண்டு குறுக்குக் கம்பிகளின் உட்புறத்தைத் தடவுங்கள். கைபட்டுத் தேய்ந்த வழவழப்பு தெரியவேண்டும். மூலைமுடுக்கெல்லாம் ஒரே செந்நிறத் துரு என்றால் அமிலம் தடவிய புதுச்சரக்கு என்று சந்தேகப்படுங்கள்.

துருவை எடுக்கப் புளி, எலுமிச்சை, உப்புத்தாள் மூன்றும் கூடவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்கு வேறு, இது வேறு! அமிலம், தங்க இழை பதித்த பொன்வேலைக்கு அடியிலுள்ள இரும்பை அரிக்கும். தங்க இழை உரிந்து வந்துவிடும். தையல் மெஷின் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, பொன்வேலை இல்லாத இடத்தில் மட்டும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் லேசாகத் தேயுங்கள். கரும்பழுப்புப் படலத்தை விட்டுவிடுங்கள், அதுதான் வயதின் அடையாளம். உறைக்குள் வைக்காதீர்கள், தோலும் வெல்வெட்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

100 ஆண்டைக் கடந்ததைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. கட்டாரி வைத்திருக்க உரிமம் தேவையா என்று வாங்குமுன் காவல் நிலையத்தில் கேளுங்கள்.