பெட்டிய பிரிக்கலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

மொரிஷியஸ் கியூர்பீப்ல இருந்து எழுதறேன். சின்ன வயசுல இருந்து சேத்த கேம்பாய் (கையில வெச்சு ஆடற நிண்டெண்டோ வீடியோ கேம்) கார்ட்ரிட்ஜ், அனிமே ஃபிகர் (ஜப்பான் கார்ட்டூன் பொம்மை), ஃபங்கோ பாப் பொம்மைன்னு ஒரு அலமாரி நிறைய இருக்கு. பக்கத்து தீவு ரீயூனியன்ல இருக்கற மச்சான், பெட்டிய பிரிக்காத, பின்னாடி நல்ல வெல போகும்னு சொல்லிட்டே இருக்கார். இந்த மழைக்கு அப்புறம் பாத்தா அட்டைப்பெட்டியெல்லாம் பூஞ்சை, ரெண்டு ஃபிகர் தொட்டா கையில ஒட்டுது, போக்கிமான் கோல்ட் கேம்ல சேவ் பண்ணதும் காணோம். அம்மா எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கறாங்க. என்ன பண்ணட்டும்?

---

அன்புள்ள தம்பி,

பிரிங்க. இந்த ஞாயித்துக்கிழமையே பிரிங்க.

நீங்க இருக்கறது ஈரமான மேட்டு நிலம், துணியே சரியா காயாத ஊரு, அங்க மூடி வெக்கறதுதான் சாமான கெடுக்குது. ஃபிகர் பெரும்பாலும் பிவிசிங்கற பிளாஸ்டிக்ல செய்யறது, அத வளைஞ்சு கொடுக்க வெக்க பிளாஸ்டிசைசர்னு ஒண்ணு சேப்பாங்க, வருஷம் போகப்போக அது மெல்ல வெளிய கசியும், காத்து பட்டா கொஞ்சங்கொஞ்சமா போயிடும், மூடின பெட்டிக்குள்ள போக வழியில்லாம மேலயே படியும், அதான் உங்க கையில ஒட்டறது. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திர சோப்பு ரெண்டு சொட்டு விட்டு மெதுவா கழுவி நிழல்ல காய வெச்சா போதும். கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப ஒட்டும், திரும்ப கழுவுங்க. வெயில் விழற ஜன்னல் பக்கம் மட்டும் வெக்காதீங்க, பெயிண்ட் வெளுத்துடும். பூஞ்சை பிடிச்ச அட்டைய வேற எதோடயும் சேத்து வெக்காதீங்க, அலமாரியில ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு அப்பப்ப மாத்துங்க.

சேவ் போனதுக்கு உங்க மேல தப்பில்ல. கோல்ட் கார்ட்ரிட்ஜ் உள்ள ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்கு, சிஆர்2025, சேவ் பண்ணதையும் காப்பாத்தி கேம்ல ஓடற கடிகாரத்தையும் அதான் ஓட்டுது, அதனால சீக்கிரம் தீந்துடும். ஐரோப்பாவுக்கு அந்த கேம் 2001ல வந்தது, இவ்ளோ நாள் தாங்கினதே பெருசு. பழைய சேவ் திரும்ப வராது, ஆனா சால்டரிங் தெரிஞ்ச ரிப்பேர் கடையில புது பேட்டரி வெக்கச் சொன்னா கார்ட்ரிட்ஜ் மறுபடி வேலை செய்யும். மத்த கார்ட்ரிட்ஜ்ல சேவ் இன்னும் உயிரோட இருந்தா பேட்டரிய கழட்டறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துடுங்க, கழட்டினா போயிடும். ஓடலன்னு வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரத்துல கார்ட்ரிட்ஜோட உலோகப் பின் அரிக்கும், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க.

மச்சான் சொல்ற வெல? 2021ல சீல் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 கேம் ஏலத்துல 15.6 லட்சம் டாலருக்குப் போச்சு, நிஜம்தான், ஆனா அது கீறல் கூட இல்லாம, கிரேடிங் செஞ்ச (நிலைமைய சோதிச்சு மதிப்பெண் போட்ட) பிரதி, உங்க பூஞ்சைப் பெட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஃபங்கோ கம்பெனியோ 2023ல 3 கோடி டாலருக்கு மேல மதிப்புள்ள சொந்த சரக்கையே, வெச்சிருக்கற செலவு கட்டுப்படியாகலன்னு அழிக்கப் போறதா சொன்னாங்க. அந்த மாதிரி சாமான ஆசைப்பட்டு வாங்கி பக்கத்துல வெச்சுப் பாக்கலாம், அதுக்கு மேல கணக்கு போடாதீங்க.

அம்மாகிட்ட இத சொல்லுங்க. அமெரிக்காவுல வெளியான பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்கு கடையில வாங்கவே கிடைக்கலன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல கணக்கெடுத்து சொன்னாங்க. அதே வருஷம் மார்ச்ல நிண்டெண்டோ தன்னோட 3டிஎஸ் கேம் கருவிக்கான ஆன்லைன் கடைய மூடிட்டாங்க. அலமாரியில இருக்கற கார்ட்ரிட்ஜ யாரும் அப்படி மூட முடியாது. சைக்ளோன் வார்னிங் (புயல் எச்சரிக்கை) க்ளாஸ் 3 போட்டு கரண்டும் போனா, ரெண்டு டபுள் ஏ பேட்டரியில கேம்பாய் கலர் ஓடும், தம்பி தங்கச்சி எல்லாரும் சுத்தி உக்காந்து பாக்கலாம்.

புது பேட்டரி போட்டு கோல்ட் ஆரம்பிச்சதும் எழுதுங்க, ஆரம்பத்துல தர்ற சிக்கொரிடா, சிண்டாகில், டோட்டோடைல் மூணு போக்கிமான்ல எத எடுத்தீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.