1970-இல் டென்மார்க் செஸ் வீரர் லார்சன் 1.பி3 (முதல் நகர்த்தலிலேயே பி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது) ஆடி 17 நகர்த்தலில் தோற்றாரே, தவறு அந்தத் தொடக்கத்திலா?

இல்லை. அதே 1970-இல் ஸ்பெயினின் பால்மாவில் அமெரிக்க வீரர் ஃபிஷர் இதே 1.பி3 ஆடி பிரேசில் வீரர் மெக்கிங்கை வென்றார். லார்சனின் ஆட்டம் கெட ஆரம்பித்தது நான்காவது நகர்த்தலில்.

லார்சன் தோற்ற ஆட்டம் இது: பெல்கிரேடு, சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டி, முதல் பலகை, இரண்டாம் சுற்று. கறுப்பில் உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. 1.பி3 இ5 2.மந்திரி பி2 குதிரை சி6 3.சி4 குதிரை எஃப்6 4.குதிரை எஃப்3.

உடனே 4...இ4 (மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்த்தல்) என்று சிப்பாய் குதிரையை விரட்டுகிறது. 5.குதிரை டி4 மந்திரி சி5. 6-இல் குதிரை சி6-ஐ வெட்ட, கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. மூன்று முறை நகர்ந்த குதிரை பலகையிலேயே இல்லை. கறுப்புக்கோ டி வரிசையும் சி8 மந்திரியின் பாதையும் சும்மா திறந்துவிட்டன.

7.இ3 மந்திரி எஃப்5 8.ராணி சி2 ராணி இ7 9.மந்திரி இ2, கறுப்பு ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது). அடுத்து வந்த 10.எஃப்4தான் பெரிய பிழை: எச்4-இலிருந்து ராஜாவுக்கு நேர் பாதை திறக்கிறது. 10...குதிரை ஜி4 11.ஜி3 எச்5 12.எச்3 எச்4! 13-இல் வெள்ளை ஜி4 குதிரையை வெட்ட, கறுப்பு ஜி3 சிப்பாயை வெட்டுகிறது. எண்ணிப் பாருங்கள்: வெள்ளையின் 13 நகர்த்தலில் 7 சிப்பாய்க்கே போயிருக்கின்றன. பி1 குதிரையும் ஏ1 யானையும் அசையவே இல்லை.

14.யானை ஜி1 யானை எச்1!! அவசரப்பட்டு 14...ராணி எச்4 ஆடினால் 15.யானை ஜி2 என்று சிப்பாயின் வழியை அடைத்துவிடலாம். யானையைப் பலி கொடுத்து வெள்ளை யானையை மூலைக்கு இழுத்ததால்தான் 15...ஜி2 அதையே தாக்கியபடி இறங்குகிறது. 16.யானை எஃப்1 ராணி எச்4 செக் 17.ராஜா டி1. சிப்பாய் எஃப்1-ஐ வெட்டி ராணியாகிறது, செக். லார்சன் விட்டுக்கொடுத்தார். 18-இல் மந்திரி அந்த ராணியை வெட்டினால் 18...மந்திரி ஜி4-ஐ வெட்டி செக். ராஜா சி1 போனால் 19...ராணி இ1 செக், குறுக்கே டி1-க்கு வரும் ராணியை வெட்டி மேட்.

நீங்கள் 1.பி3 ஆடுவதாக இருந்தால் 1...இ5 2.மந்திரி பி2 குதிரை சி6-க்குப் பிறகு 3.இ3 ஆடுங்கள். 3...குதிரை எஃப்6 வந்தால் 4.மந்திரி பி5. இ5 சிப்பாயைக் காக்கும் சி6 குதிரை மேல் நெருக்கடி விழுகிறது, பி2 மந்திரிக்கும் வேலை கிடைக்கிறது. சி4-உம் குதிரை எஃப்3-உம் அதற்குப் பின்னால் வரட்டும்.