வீட்டுக் காற்றாலை: தலைப்பகுதியும் கோபுர ஒயரிங்கும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சாளைக்காக, 2.4 மீட்டர் விட்டத்தில் மூன்று மர இறக்கைகளும் நிலைக்காந்த ஜெனரேட்டரும் கொண்ட சிறு காற்றாலை ஒன்றைச் செய்திருக்கிறேன். இங்கே பருவக்காற்று மேற்கிலிருந்தே வீசுவதால், ஜெனரேட்டரை மேற்கு நோக்கிக் குழாயின் தலையில் நேராக வெல்டிங் செய்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
– உடுமலைப்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே திசையில் வீசுகிறது என்பது சரிதான். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் அது திசை மாறிவிடும். அதைவிட முக்கியமான காரணம், அசையாமல் பற்றவைத்த காற்றாலைக்குப் புயலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியே இல்லை என்பது. உங்கள் இறக்கைகள் சுழலும் பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் அந்தப் பரப்பின் வழியே சுமார் 2,700 வாட் ஆற்றல் செல்கிறது. அதில் கால் பங்கு மின்சாரமாகக் கிடைத்தாலே நல்ல வேலைப்பாடு என்று சொல்லலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகி 21,000 வாட்டைத் தாண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊரில் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக் தீபகற்பத்தில் வசிக்கும் காற்றாலை வடிவமைப்பாளர் ஹியூ பிகாட் பரப்பிய வடிவமைப்பு, இதற்கு மோட்டாரோ ஸ்பிரிங்கோ இல்லாமல் தீர்வு தருகிறது. கோபுரக் குழாயின் மேல் தடையின்றித் திரும்பும் உறைக்குழாய் ஒன்று இருக்க வேண்டும். ஜெனரேட்டரை அதன் நடுக்கோட்டிலிருந்து சில அங்குலம் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்த வேண்டும். இறக்கைகளைக் காற்றை நோக்கி நிறுத்தும் வால் தொங்கும் கீலைச் செங்குத்தாக வைக்காமல் சுமார் 20 டிகிரி சாய்த்து வெல்டிங் செய்ய வேண்டும். காற்று மிகும்போது, நடுவிலிருந்து விலகி இருக்கும் ஜெனரேட்டரின் மேல் விழும் தள்ளுவிசை தலைப்பகுதியை ஒரு பக்கமாகத் திருப்பும். அப்போது சாய்ந்த கீலில் வால் மேலெழும்பும். காற்று தணிந்ததும் வாலின் எடையே எல்லாவற்றையும் பழைய நிலைக்கு இழுத்து வரும். ஆகவே வாலின் எடையும் நீளமும் அலங்காரத்துக்கானவை அல்ல. மேலெழும் வால் இறக்கைகளில் மோதிவிடாதபடி ஒரு தடுப்புத் துண்டையும் பற்றவையுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

உறைக்குழாய் வாங்கும்போது கவனம் தேவை. நம் கடைகளில் கிடைக்கும் நடுத்தர ரக இரண்டரை அங்குல ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் சுமார் 69 மி.மீ.; அதற்குள் செல்ல வேண்டிய இரண்டு அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் சுமார் 60 மி.மீ. அப்படியே மாட்டினால் தலை ஆடும், அந்த ஆட்டமே வெல்டிங்கை விரிசல் விட வைக்கும். உறைக்குழாயின் இரு முனைகளுக்கும் லேத் பட்டறையில் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து, கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். சுழலும் அச்சுக்குப் பழைய காரின் சக்கர ஹப் பொருத்தமானது. சுழன்றுகொண்டிருக்கும்போதே தலை சட்டென்று திரும்பினால் அச்சை வளைக்கப் பார்க்கும் விசையை அதன் டேப்பர் பேரிங்குகள் தாங்கும்.

கேள்வி: கோபுரம் 12 மீட்டர் உயரம், பேட்டரி அறை அங்கிருந்து 18 மீட்டர் தொலைவு. 24 வோல்ட், 500 வாட். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையரை மேலேயே வைத்து இரண்டு ஒயரில் இறக்கலாமா? தலை திரும்பத் திரும்பக் கேபிள் முறுக்கிக்கொள்ளாதா? இருக்கிற சோலார் கன்ட்ரோலரில் இணைக்கலாமா?
– ஆண்டிபட்டி வாசகர்

பதில்: ரெக்டிஃபையர் கீழேயே இருக்கட்டும். ஜெனரேட்டரின் மூன்று ஃபேஸ்களையும் (வெளிவரும் மூன்று ஒயர்களையும்) அப்படியே கீழே கொண்டுவந்தால், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு ஸ்விட்சே பிரேக் ஆகிவிடும். ரெக்டிஃபையர் மேலே இருந்தால் இது இயலாது. மேலும் முழுத் திறனில் 21 ஆம்பியர் (500 ÷ 24) செல்லும்போது ரெக்டிஃபையரின் டயோடுகளிலேயே 30 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகும் என்பதால், அலுமினிய வெப்பத்தகட்டுடன் கைக்கெட்டும் இடத்தில் அதை வைப்பதே நல்லது.

ஒயரின் தடிமனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரிப் பக்கம் 21 ஆம்பியர் என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 17 ஆம்பியர் செல்லும். 6 சதுர மி.மீ. தாமிர ஒயருக்கு 30 மீட்டரில் 0.09 ஓம் தடை உண்டு. மூன்று ஒயர்களிலும் சேர்த்து 80 வாட், அதாவது விளைவதில் ஆறில் ஒரு பங்கு, ஒயரைச் சூடாக்கவே போய்விடும். 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 48 வாட்டாகக் குறையும். ஆனால் ஜெனரேட்டரின் காயில்களை இன்னும் சுற்றவில்லை என்றால் 48 வோல்ட்டுக்கு மாறிவிடுங்கள். அதே 6 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு 20 வாட் மட்டுமே. தாமிரம் விற்கும் விலையில் என் பரிந்துரை இதுதான். ஒயர் மெல்லியதாக இருந்தால் பிரேக்கும் வலுவிழக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரேக்கைக் காற்று சற்றே ஓயும் நேரத்தில் போடுங்கள். பலத்த காற்றில் போட்டால் இறக்கைகள் நிற்காமல் காயில் எரிந்துபோக வாய்ப்புண்டு.

முறுக்கைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். திரும்பும் தலையிலிருந்து உரசி மின்சாரத்தை இறக்கும் ஸ்லிப் ரிங்கும் கார்பன் பிரஷும் செய்யலாம். ஆனால் அவை தேயும், அவற்றைப் பார்ப்பதற்கு மேலே ஏற வேண்டும். மூன்று கோர் ரப்பர் கேபிளைக் குழாயின் உள்ளே தொங்கவிட்டு, அடியில் ஒரு பிளக் வைத்தால் போதும். தலை ஒரு பக்கம் திரும்புவதும் மறுபக்கம் திரும்புவதும் பெரும்பாலும் சமனாகிவிடும்; எஞ்சிய முறுக்கை அவ்வப்போது பிரேக் போட்டபின் பிளக்கைக் கழற்றி எடுத்துவிடலாம். கேபிளின் எடை முழுவதையும் உச்சியில் ஒரு கிளாம்ப் தாங்க வேண்டும்; இணைப்பு முனைகளில் அது தொங்கக் கூடாது. கேபிள் நுழையும் குழாய் விளிம்பை அரத்தால் மழுக்கி ரப்பர் வளையம் போடாவிட்டால், அந்த இடத்தில்தான் உறை அறுபடும்.

சோலார் கன்ட்ரோலரைப் பயன்படுத்தாதீர்கள். பேட்டரி நிறைந்ததும் அது இணைப்பைத் துண்டிக்கும். சோலார் பேனலுக்கு அதனால் கேடில்லை; சுமை இழந்த காற்றாலையோ கட்டுக்கடங்காமல் சுற்றும், வோல்டேஜும் எகிறும். மிகுதி மின்சாரத்தை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் வகைக் கன்ட்ரோலரே காற்றாலைக்கு ஏற்றது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் டி.சி. ஃபியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: பழுது பார்ப்பதற்காகக் கோபுரத்தைக் கீல் வைத்துப் படுக்கவைக்கும்படி அமைக்கிறேன். அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே வயர்களை எப்படி அமைப்பது?
– ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: நான்கு திசைகளிலும் அமையுங்கள். பக்கவாட்டு நங்கூரங்கள் இரண்டும் கீலின் அச்சுக்கு நேர்க்கோட்டிலும் அதே மட்டத்திலும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று மேடான இடத்திலோ சற்று விலகியோ இருந்தால், கோபுரம் சாயும்போது ஒரு பக்க வயர் தளர்ந்து மறுபக்க வயர் விறைக்கும். வயர் அறுவதும் குழாய் மடங்குவதும் இப்படித்தான். வயரை இறுக்கும் டர்ன்பக்கிள்கள் அதிர்வில் தாமாகக் கழன்றுவிடாமல் கம்பி கோத்துக் கட்டுங்கள். கோபுரத்துக்கு எர்த்திங் கொடுங்கள், ஸ்டே வயர்களையும் அதனுடன் இணையுங்கள். முதன்முறை தூக்கும்போது ஜெனரேட்டரை மாட்டாமல் வெறும் குழாயைத் தூக்கிப் பாருங்கள். விழக்கூடிய எல்லைக்குள் யாரும் நிற்கக் கூடாது.

கேள்வி: இடமில்லாததால் மொட்டை மாடியில் வைக்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: கூடாது. கட்டடத்தில் மோதிச் சுழலும் காற்றில் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும், மின்சாரமும் சொற்பமே கிடைக்கும், அதிர்வு சுவர் வழியே படுக்கையறைவரை இறங்கும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் உள்ள மரங்களையும் கட்டடங்களையும் விட இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். அந்த மாடியில் சோலார் பேனல் வையுங்கள்.