குளக்கரையில் மஞ்சள் சிலுவை

அன்புள்ள சார்,

தேரூர் குளத்துக் கரையில் ஒரு குறுஞ்செடி கண்ணில் பட்டது. முழங்கால் உயரம்தான் இருக்கும். நாலு மஞ்சள் இதழ், அச்சு அசல் சிலுவை. போன் செயலியில் படத்தைப் போட்டால் 'செயின்ட் ஆண்ட்ரூஸ் கிராஸ்' என்கிறது. ஹைபெரிகம் இனமாம், மனச்சோர்வுக்கு மருந்தாம். அக்கா பறித்துக் காயவைத்திருக்கிறாள், டீ போட. குடிக்கலாமா? பக்கவாட்டில் எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.

ம., சுசீந்திரம்

அன்புள்ள ம.,

முதலில் அக்காவிடம் டீ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

செயலி சொன்ன செடிக்கு ஊர் அமெரிக்கா. தென்கிழக்கு மாநிலங்களிலும் கரீபியத் தீவுகளிலும் வளர்வது. அதன் நான்கு ஒடுக்கமான இதழ்களும் பெருக்கல் குறியாகச் சாய்ந்திருக்கும். இயேசுவின் சீடர் ஆண்ட்ரூ அறையப்பட்டதாக மரபு சொல்லும் சிலுவை அந்த வடிவம்தான். மனச்சோர்வுக்குப் பேசப்படுவது அதுவும் அல்ல, அதன் ஐரோப்பிய உறவான ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம். அதற்கு இதழ் ஐந்து. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை போன்றவற்றின் வேலையை அது கெடுத்துவிடும். அசல் செடியே கிடைத்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

உங்கள் செடி வேறு குடும்பம். பக்கவாட்டுப் படம்தான் காட்டிக்கொடுத்தது. பூவுக்குக் கீழே நீளமாகக் காம்பு மாதிரித் தெரிகிறதே, அது காய். காயின் உச்சியில்தான் பூ உட்கார்ந்திருக்கிறது. ஹைபெரிகத்தில் காய் இதழ்களுக்கு நடுவில் இருக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்திருக்கும். உங்கள் படத்தில் இலைகள் மாறி மாறி. ஆக இது லுட்விஜியா, நம்மூர் நீர்க்கிராம்பு. இதழ் உதிர்ந்த பிறகும் நான்கு பச்சைப் புல்லிகள் காயின் தலையில் நிற்பதைப் பார்த்தால் பெயரில் கிராம்பு வந்த காரணம் புரியும்.

ஈரம் இருந்தால் போதும், முளைத்துவிடும். தண்ணீரில் நிற்கும்போது அடித்தண்டு பஞ்சுபோல ஊதிக்கொள்ளும், வேருக்கு அதன் வழியாகக் காற்றுப் போகும். நம் நெல்வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்திலும் இது களைதான். விதை தூசி மாதிரி, வாய்க்கால் தண்ணீர் பக்கத்து வயலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பூ அழகு என்று வயற்காரரிடம் சொன்னால் சிரிப்பார், நியாயம்தான்.

குளக்கரை விஷயம் வேறு. அங்கே அது யாருடைய விளைச்சலையும் தின்னவில்லை. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. செடியைப் பிடுங்காமல் பார்த்துவிட்டு வரலாம். சுற்றிலும் வயலும் வாழையும் இருக்கும் இடத்தில் தெளித்த மருந்தெல்லாம் எங்கே வடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் டீயை நான் தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு உதவி செய்யுங்கள். பூவுக்குள் மகரந்தத் தாள்கள் எட்டா, நாலா என்று எண்ணிச் சொல்லுங்கள். படத்தில் அது தெளிவாக இல்லை. எட்டு என்றால் லுட்விஜியாவில் ஆக்டோவால்விஸ் என்ற வகை, நாலு என்றால் அதைவிடச் சின்னப் பூ பூக்கும் பெரென்னிஸ் என்ற வகை. காலையிலேயே போங்கள், இதழ் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.