பெயரும் ஊரும் சொல்லித் தொடங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர்ப் பொதுச் சாலையில் ஒரு தெருவினரின் சவ ஊர்வலம் மட்டும் செல்லக் கூடாது என்று நெடுங்காலமாகத் தடுத்து வருகிறார்கள். இதைக் கண்டித்து வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் நடக்கவிருக்கும் ஆர்ப்பாட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் முதுகலை மாணவி. இதுவரை மேடை ஏறியதில்லை. கேட்பவர் மனம் மாறும்படி ஓர் உரையை எப்படி எழுதுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 1964 ஆகஸ்ட் 22 அன்று, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் பிரதிநிதிகளைத் தகுதி பார்க்கும் குழுவின் முன் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்மணி சில நிமிடங்கள் பேசினார். மிசிசிப்பி மாநிலத்துப் பண்ணை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் விளைச்சலில் பங்கு பெறும் வார முறையில் பயிரிட்டும் கணக்குப் பார்த்தும் உழைத்தவர் அவர். குழுத் தலைவரை ஒருமுறை விளித்துவிட்டு, தம் பெயர், வீட்டு எண், தெரு, ஊர், மாவட்டம் ஆகியவற்றைச் சொன்னார். தம்மைக் குறிவைத்து ஒரு வீட்டின்மீது பதினாறு தோட்டாக்கள் சுடப்பட்டன என்று அதே உரையில் பிறகு சொல்லவிருக்கும் ஒருவர், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் தம் முகவரியைச் சொல்லித் தொடங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் மேடைகளிலோ, வந்திருப்போர் அனைவரையும் ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து முடிப்பதற்குள் கூட்டத்தின் கவனம் பாதி போய்விடுகிறது. நீங்கள் உங்கள் பெயரையும் தெருவையும் சொல்லித் தொடங்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அடுத்து அவர் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். 1962 ஆகஸ்ட் 31 அன்று, வாக்காளராகப் பதிவு செய்துகொள்வதற்காகத் தாங்கள் பதினெட்டுப் பேர் இருபத்தாறு மைல் பயணம் செய்து இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனதையும், எழுத்தறிவுத் தேர்வுக்கு இருவர் இருவராக மட்டுமே உள்ளே விட்டதையும், திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநருக்கு அபராதம் விதித்ததையும் சொன்னார். பதிவைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்று பண்ணை முதலாளி மிரட்டியபோது, ‘உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகவே போனேன்’ என்று தாம் விடையளித்ததையும், அன்றிரவே வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததையும் சொன்னார். 1963இல் வினோனா சிறையில் தம்மை அடித்ததை விவரித்தார். ‘கொடுமை’, ‘அநீதி’ என்று அவர் ஓயாமல் முழங்கியிருந்தால் கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த கொடுமைகளோடு இதையும் ஒன்றாகச் சேர்த்து மறந்திருப்பார்கள். நாளும் தூரமும் ஆள் எண்ணிக்கையும் சொன்னதால் அவர்களே தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தார்கள்.

ஆகவே, உங்கள் உரையின் முதல் தாளில் அடைமொழியே வேண்டாம். கடைசியாக எந்த நாளில், எந்த இடத்தில் ஊர்வலம் தடுக்கப்பட்டது, பாடையைச் சுமந்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள், சாலை மறுக்கப்பட்டதால் எந்த வாய்க்காலையும் வயலையும் கடந்து எவ்வளவு தூரம் சுற்றிப் போனார்கள், அதைப் பற்றிக் கொடுத்த மனுவின் தேதி என்ன, அதற்கு வந்த பதில் என்ன என்று எழுதுங்கள். இறந்தவரின் பெயரைக் குடும்பத்தார் இசைந்தால் மட்டும் சொல்லுங்கள். அடுக்குமொழி நம் மேடைக்குப் பழகிய அழகுதான், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் மோனைக்காக ஓர் உண்மையை வளைத்தீர்கள் என்றால், எதிர்த்தரப்பார் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழு உரையையும் பொய் என்பார்கள்.

உண்மைக்கு அடுத்தபடி சட்டம் வர வேண்டும். 1955 டிசம்பர் 5 மாலை, மாண்ட்கோமரி நகரின் ஹோல்ட் தெருத் தேவாலயத்தில், நகரப் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கியிருந்த கறுப்பின மக்களின் முன் இருபத்தாறு வயது மார்ட்டின் லூதர் கிங் பேசினார். தயாரிக்க அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய இருபது நிமிடம். வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானதை முதலில் சொன்னார். பின்னர், நாம் செய்வது தவறென்றால் இந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் தவறு, அரசியலமைப்பும் தவறு என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்க வந்தவர்களுக்குத் தாங்கள் சட்டத்தை மீறுகிறவர்கள் அல்லர், சட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் என்ற உறுதி அந்த வரிகளால் வந்தது. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலைகளைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவருக்கும் தடை விதிக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இந்த இரண்டையும் எண்ணோடு, நிறுத்தி, இருமுறை சொல்லுங்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அன்று அங்கே இருக்கும் அதிகாரியால் செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும். ‘சமத்துவம் வேண்டும்’ என்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘அடுத்த ஊர்வலம் இந்தச் சாலையில் செல்லும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்’ என்றால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். ஹேமரின் கோரிக்கையும் அத்தகையதே: வெள்ளையர் மட்டுமே கொண்ட மிசிசிப்பிக் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் குழுவை அமர்த்த வேண்டும் என்பது. அன்று அது நிறைவேறவில்லை. இரண்டு இடங்கள் தருவதாகச் சொன்னதை அவர்கள் மறுத்தார்கள். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வந்தது மறு ஆண்டு ஆகஸ்டில். உங்கள் உரையும் ஒரே மாலையில் சாலையைத் திறந்துவிடாமல் போகலாம். அதற்காகக் கோரிக்கையைக் குறைத்து எழுதாதீர்கள்.

கேள்வி: கடுமையாகப் பேச வேண்டும் என்கிறார்கள் தோழர்கள், பெரியவர்களோ தணிந்து பேசச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் பேசவிருந்த மாணவர் இயக்கத் தலைவர் ஜான் லூயிஸுக்கு இதே சிக்கல் வந்தது. அவருக்கு வயது இருபத்துமூன்று. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களை எரித்துக்கொண்டு சென்ற தளபதி ஷெர்மனைப் போல நாங்களும் தெற்கில் நடப்போம் என்று எழுதியிருந்தார். வாஷிங்டன் பேராயர் எதிர்ப்புத் தெரிவித்தார். முதிய தலைவர் பிலிப் ராண்டால்ஃப் கேட்டுக்கொண்டதால், லிங்கன் சிலைக்குப் பின்னால் இருந்த இடத்தில் கடைசி நேரத்தில் உரை திருத்தப்பட்டது. ஷெர்மனைப் பற்றிய வரி போனது. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வருமானமுள்ள வீட்டில் வாரம் ஐந்து டாலருக்கு வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு அரசு கொண்டுவந்த இந்தக் குடியுரிமை மசோதா என்ன செய்யும் என்ற கேள்வி உரையில் நின்றது. என் மனத்தில் அந்தக் கேள்வியே ஷெர்மனைவிடக் கடுமையானது. மிரட்டல் போல ஒலிப்பதை நீக்குங்கள். உண்மையின் கூர்மையை யார் சொன்னாலும் மழுங்க விடாதீர்கள்.

கேள்வி: எழுதி வைத்துப் படிக்கலாமா?

பதில்: படிக்கலாம். அதே பேரணியில் கிங்கும் எழுதிய தாளோடுதான் நின்றார். பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தபோது தாளை விட்டு விலகினார். ஆனால் அந்தக் கனவுப் பகுதியை இரண்டு மாதம் முன்பே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். முதல் நான்கு வரியையும் கோரிக்கையையும் மனப்பாடம் செய்யுங்கள். தேதிகளையும் சட்டப் பிரிவுகளையும் தாளைப் பார்த்தே சொல்லுங்கள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருங்கள். மேடைக்கு முன்பாக, தடுக்கப்பட்ட அந்தக் குடும்பத்தாரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ‘அன்றைக்கு அப்படி நடக்கவில்லையே அம்மா’ என்று அவர்கள் சொல்லும் இடங்களையெல்லாம் அங்கேயே திருத்திவிடுங்கள்.