1984 மெர்சிடிஸ் கூபேயா, 2016 ஆடி டிடியா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய்வர ஒரு கார் வேண்டும். 1984 மெர்சிடிஸ் 230 சிஇ கூபே (இரண்டு கதவுக் கார்), 2016 ஆடி டிடி இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எதை வாங்கலாம்? கூபேயை விண்டேஜ் என்று பதிவு செய்தால் செலவு குறையுமா?

பதில்: வீட்டில் இது ஒன்றுதான் கார் என்றால் டிடியே போதும். இன்னொரு காரும் வெயில் படாத ஷெட்டும் இருந்தால் கூபேயைத் தாராளமாகப் பாருங்கள். நடுத்தூண் இல்லாத உடல் அது. நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு மலையில் போகும் சுகம் டிடியில் கிடைக்காது. பின் சீட்டில் பெரியவர்களும் உட்காரலாம். டிடியின் பின் சீட் சின்னப் பிள்ளைகளுக்குத்தான்.

விண்டேஜ் ஆசையை விட்டுவிடுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆக வேண்டும். 2034 வரை வழியில்லை. அப்படி விண்டேஜ் ஆனாலும் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஏற்காடு உலாவுக்கு அனுமதி கிடையாது. ஆக, சாதாரணக் காராகவே வைத்து 5 ஆண்டுக்கொருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 80,000 ரூபாய். பழைய வண்டிக்கான பசுமை வரி தனி. ஆர்.சி. சீக்கிரம் முடிகிறதென்றால் இந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள். இன்ஜின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பாருங்கள்.

அடுத்தது சூட்டில் ஸ்டார்ட் ஆவது. இந்த இன்ஜினில் இருப்பது கே-ஜெட்ரானிக் என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். வண்டியை அணைத்த பிறகும் பெட்ரோல் லைனில் பிரஷர் நிற்க வேண்டும். இறங்கிவிட்டால் இன்ஜின் சூட்டில் லைனுக்குள் பெட்ரோல் ஆவியாகி, செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. மதிய வெயிலில் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிப் பக்கம் நிறுத்தி, 25 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடித்தால் நல்லது. இழுத்தால், பின் ஆக்ஸிலுக்கு முன்னால் அடியில் இருக்கும், பிரஷரைப் பிடித்துவைக்கும் ஃப்யூல் அக்குமுலேட்டரோ, பெட்ரோல் திரும்பி வழியாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வோ போயிருக்கும், மாற்றிவிடலாம்.

சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃப்யூல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளஞ்சர் என்ற தண்டு துருவேறிச் சிக்கினால்தான் பெரிய செலவு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் இந்த ஆபத்து அதிகம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

பிறகு லிஃப்டில் ஏற்றி ஜாக்கி போடும் இடம், பின் சக்கர வளைவு, பேட்டரித் தட்டுக்கு அடிப்பகுதி மூன்றிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, அதை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது.

டிடியில் பார்க்க வேண்டியது குறைவு. கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிய பில் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த வாட்டர் பம்ப்பின் பிளாஸ்டிக் உறை கசியும். காய்ந்த கூலன்ட் கறை தெரிந்தால் முழுதாக மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு தேய்மானமா என்பதும் முக்கியம். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொடுக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச், டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் ஓயாமல் வேலை செய்து சூடாகித் தேயும்.