விசுவாசியின் அதிகாரம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஒரு சகோதரர்: ஸ்தோத்திரம் ஐயா. சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க அதிகாரம் கொடுத்ததாக லூக்கா 10:19-ல் இயேசு சொல்கிறார். நான் தினமும் காலையில் பிசாசைப் பார்த்து "கட்டுகிறேன், கடிந்துகொள்கிறேன்" என்று சத்தமாக ஜெபிக்கிறேன். வீட்டில் எதுவும் மாறவில்லை. விசுவாசம் போதவில்லையா?

ஸ்தோத்திரம் சகோதரரே. விசுவாசத்தை அளந்து பார்ப்பதற்கு முன்னால் மத்தேயு 8-ஐ ஒருமுறை வாசியுங்கள். கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி (நூறு வீரர்களுக்குத் தலைவன்), தன் வேலைக்காரன் சுகமாக "ஒரு வார்த்தை மாத்திரம் சொல்லும்" என்று கேட்டான். இஸ்ரவேலருக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு ஆச்சரியப்பட்டார். அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: தானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன், தனக்குக் கீழும் சேவகர் உண்டு. மேலே ஒருவருக்குக் கீழ்ப்படிகிறவனுடைய வார்த்தைதான் கீழே செல்லும் என்று அந்தப் படைவீரனுக்குத் தெரிந்திருந்தது.

யாக்கோபு 4:7-ல் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதை நாம் உடனே பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறதே! எபேசுவில் ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேரும் பொல்லாத ஆவியைத் துரத்த இயேசுவின் நாமத்தைச் சரியாகத்தான் சொன்னார்கள். "நீங்கள் யார்?" என்று கேட்ட ஆவிக்கு அவர்களிடம் பதில் இல்லை, காயத்தோடு ஓடினார்கள் (அப். 19). அந்த நாமத்துக்கு உரியவராக அவர்கள் வாழவில்லை. ஆகவே, யாரோடாவது பேச்சு நின்றுபோயிருக்கிறதா, கொடுக்க வேண்டிய பணம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் தைரியமாக எதிர்த்து நில்லுங்கள். எதுவும் உறுத்தவில்லை என்றால் உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். சில பதில்கள் தாமதிக்கும். தானியேல் 21 நாள் காத்திருந்தார்.

ஒரு சகோதரி: எனக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போடுவது அவிசுவாசம், விசுவாசத்தோடு நிறுத்திவிடு என்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள் அம்மா. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாக விட்டுவந்தார். தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய பாடு நீங்கும்படி மூன்றுதரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டபோது கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்." இவர்களில் யாரை அவிசுவாசி என்பீர்கள்? சுகத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். சுகம் கிடைத்தால் இரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தைக் குறைப்பதை மருத்துவரே சொல்வார். மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் கிடையாது.

இன்னொரு சகோதரி: கணவர் குடிக்கிறார். குடியின் ஆவிக்குக் கட்டளையிட்டால் விட்டுவிடுவாரா?

சகோதரி, சத்துருவின்மேல் அதிகாரம் கொடுத்தவர் இன்னொரு மனிதனுடைய மனதின்மேல் அதிகாரம் கொடுக்கவில்லை. எருசலேமைப் பார்த்து "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று அழுத இயேசுவே அதைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கணவருடைய கண்களைத் திறக்கும்படி கர்த்தரிடம் கேளுங்கள், பயம் உங்களை ஆளாதபடி எதிர்த்து நில்லுங்கள். குடிமறுவாழ்வுச் சிகிச்சைக்கு வரச் சம்மதித்தால் அதையும் ஜெபத்தின் பதிலாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் அடிக்கிறார் என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 181 பெண்களுக்கான உதவி எண். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீதும் விலகித்தான் ஓடினார்.

ஒரு தம்பி: மேலதிகாரி என்னை மிகவும் கொடுமைப்படுத்துகிறார். அவருக்கு எதிராக நியாயத்தீர்ப்பை அறிக்கையிடலாமா?

வேண்டாம் தம்பி. சமாரியர்மேல் அக்கினி இறங்கச் சொல்லலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது இயேசு அவர்களைத்தான் அதட்டினார். உங்கள் மேலதிகாரிக்காக ஜெபியுங்கள். புகார் செய்ய முறையான வழி இருந்தால் செய்யுங்கள், அதில் பாவமில்லை.

ஒரு தாய்: வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. செய்வினையோ என்று இரவில் தூக்கமே வரவில்லை.

யாக்கோபுக்கு, அதாவது தேவனுடைய ஜனத்துக்கு, விரோதமான மந்திரவாதம் இல்லை என்று எண்ணாகமம் 23:23 சொல்கிறது. எபேசுவில் விசுவாசிகளானவர்கள் 50,000 வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புத்தகங்களைப் பயமில்லாமல் சுட்டெரித்தார்களே அம்மா. பழத்தை எடுத்துக் குப்பையில் போடுங்கள். யார் வைத்தார்கள் என்று தேடி அக்கம்பக்கத்தில் யாரையும் சந்தேகப்படாதீர்கள். படுக்கும்முன் குடும்பமாக 91-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். பிள்ளைகளையும் ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்லுங்கள்.